அங்கமுத்துவுக்கு மூன்று கை நீர்

ஆற்று நீர் அவன் முழங்காலுக்கு மேல் ஏறி நின்றது.

மாதங்கி இறந்தபின் வரும் முதல் ஆடி அமாவாசை. மனைவிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாகிவிட்டது. பாங்காக்கிலிருந்து அவனோடு காரில் வந்த குருக்கள் கரையில் குடை பிடித்து நின்றார்.

"வேற யாராவது உண்டா? நாதியில்லாதவாளுக்கும் விடலாம்."

அவன் நிமிர்ந்தான். பாலத்தின் மேல் ரயில் போயிற்று. சுற்றுலா வந்தவர்கள் கையசைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அந்தத் தண்டவாளம் போட ஜப்பான்காரன் மலாயாவிலிருந்து பிடித்து வந்த கூலிகளில் ஒருவன் அங்கமுத்து. ஏதோ பட்டியலில் மாதங்கிக்குக் கிடைத்த பெயர். மற்றதெல்லாம் அவள் கொடுத்தது. முன்கோபம். அகன்ற தோள். இடது காலில் ஆறாத புண்.

நாவல் எழுதுகிறேன் என்றாள். மூன்று வருடம் அவனோடுதான் இருந்தாள்.

கணவன் கண்ணாடி மாற்றி ஆறு நாள் கழித்து, "புதுசா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மடியில் கணினி. கதையில் அங்கமுத்து காலராக் கொட்டகையில் கிடந்தான். அவனைச் சாகவிட அவளுக்கு மனம் வரவில்லை. கடைசி அத்தியாயம் அப்படியே நின்றது.

"அவனுக்கு இன்னும் மூச்சு இருக்கு."

அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"அங்கமுத்து," என்றான் குருக்களிடம்.

"என்ன உறவு?"

"அவளுக்குத் தெரிஞ்சவர்."

"காலமாயிட்டாரோன்னோ? உயிரோட இருக்கறவாளுக்கு விடப்படாது."

"ஆயிட்டார்."

"எப்போ?"

"நாப்பத்து மூணுல."

குருக்கள் குடையைச் சாய்த்துப் பார்த்தார். "அப்போ உங்க மாமியாரே பொறந்திருக்க மாட்டாளே! ரொம்பப் பழைய சிநேகிதம்தான் போங்கோ."

அவன் உள்ளங்கையில் எள்ளும் நீரும் எடுத்தான். கட்டைவிரல் பக்கமாக நீரைச் சரித்தான்.

ஒன்று. கொட்டகையில் அங்கமுத்துவின் கண் செருகியது.

இரண்டு.

மூன்று.

அவள் செய்ய மறுத்ததை அவன் செய்து முடித்தான். மூன்று வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

"ஆச்சு," என்றார் குருக்கள். "இனிமே அவருக்கு ஒரு குறையும் இல்லை. போனவாள்லாம் அங்கே ஒண்ணாத்தானே இருக்கா."

எள் நீரோட்டத்தில் விலகிக்கொண்டிருந்தது.

அவன் சட்டென்று குனிந்தான். இரண்டு கையாலும் அதை அள்ளப் பார்த்தான்.