கோரிமேடு தாண்டினதும்

"கஞ்சா கொஞ்சம் கெடைச்சாக்கூடப் போதும்டா."

தெய்வசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டி எல்லையை ஒட்டிய கோரிமேட்டில் ஏறி, பக்கத்து சீட்டில் தொப்பென்று உட்கார்ந்த பையன்தான் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பரட்டைத் தலை. கோவைப்பழம் மாதிரி சிவந்த கண். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"இங்க தரமாட்டாங்களாம்டா. கேட்டதுக்கே ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. சரி, வை."

இன்னும் என்ன சாட்சி வேண்டும்? ரெட்டியார்பாளையத்தில் தெரு நலச் சங்கத் தலைவர் அவர். மூஞ்சியைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்.

"எந்த ஊருக்குப்பா?"

"திண்டிவனம்."

"பையில என்னா?"

"ஏன் சார்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குறவருக்கு எதுக்கு சார் அது?"

திமிரைப் பார்! அவர் விடவில்லை. "போன்ல என்னமோ பேசினியே?"

"கஞ்சாவா? ஆமா, பேசினேன். அதைச் சட்டப்படி விட்டாத்தான் என்னா சார்?"

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"விட்டா நாடு குட்டிச்சுவராயிடும்!"

"தெருவுக்குத் தெரு பிராந்திக்கடை இருக்குதே. அதுல ஆவாததா?"

"அது லைசென்ஸ் கடைடா! கவர்மெண்ட்டு சரின்னா சரி, தப்புன்னா தப்பு. அதுக்கு மேல பேச்சே கெடையாது."

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். போதை தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டினார் தெய்வசிகாமணி.

பஸ் பாண்டி எல்லையைத் தாண்டி, சோதனைச் சாவடியில் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள்.

தெய்வசிகாமணி சட்டென்று எழுந்தார். "சார், மொதல்ல இவனைப் பாருங்க. கஞ்சா கேஸு!"

பையன் முகம் வெளுத்துப்போனது.

"சார், என்னை மட்டும் எறக்கிடாதீங்க. ஆஸ்பத்திரியில கேட்ட ரேஷன் கார்டை வீட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டு சாயந்திரத்துக்குள்ள திரும்பணும். அம்மா தனியாக் கெடக்குது."

"எல்லாரும் இதையேதான் சொல்றானுங்க. பையைக் குடு."

போலீஸ்காரர் பையைக் கவிழ்த்தார். ஆஸ்பத்திரி ஃபைல் விழுந்தது. அப்புறம் துவைக்க எடுத்துப் போகும் புடவைகள். வாந்தி நாற்றம் குப்பென்று அடித்தது. வேறு எதுவும் இல்லை.

"கஞ்சான்னு பேசினியாமே?"

"பேசினேன் சார். அம்மாவுக்கு கேன்சரு. மருந்து ஏத்தினதுலேர்ந்து தண்ணிகூட வயித்துல தங்கல. வெளிநாட்டுல கஞ்சாவுலேர்ந்து மாத்திரை செய்யுறாங்களாம், சாப்பிட்டா வாந்தி நிக்குமாம். இங்க கெடைக்குமான்னு டாக்டரைக் கேட்டேன். கேட்டதுகூட தப்பா சார்?"

போலீஸ்காரர் புடவைகளைத் தானே மடித்துப் பையில் வைத்தார். திரும்பும்போது சீட்டுக்கு அடியில் இருந்த இன்னொரு பையில் அவர் லத்தி இடித்தது.

கிணுங்.

"இது யாருது?"

தெய்வசிகாமணியுடையதுதான் அது. பாண்டியிலிருந்து வெறுங்கையோடு போனால் சம்பந்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பை நிறைய பிராந்தி பாட்டில். கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் அது கடைச்சரக்கு. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கடத்தல். போலீஸ் பார்வை பையன் மேலேயே இருக்கட்டும் என்றுதான் அவர் எழுந்து கத்தியதே.

"இந்த ஐயாவுதுதான் சார்," என்றான் பையன்.

தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அவரும் ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் வர்றாரு. டானிக் பாட்டிலு. ஒடைஞ்சிடப் போவுது, பாத்து."

"சரி சரி, போலாம் ரைட்!" என்றபடி போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

பஸ் கிளம்பியது. தெய்வசிகாமணிக்கு வேர்வை அடங்கவே ரொம்ப நேரம் ஆனது.

"தம்பி... உள்ள என்னா இருக்குன்னு உனக்கு..."

"சத்தத்துலயே தெரிஞ்சுது சார்."

"உன்னைப் போய் மாட்டிவிடப் பாத்தேனே! உனக்குப் பெரிய மனசுப்பா."

"மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்," என்றான் பையன், அவர் பக்கம் திரும்பாமலே. "உங்களைப் புடிச்சா, பக்கத்து சீட்டுன்னு என்னையும் சாட்சிக்கு எறக்கிடுவாங்க. எங்கம்மாவுக்கு அவ்ளோ நேரம் இல்ல."