யாரும் வாய் திறக்கக் கூடாது

“கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையா? சத்தியமா?”

அவள் கேட்ட வேகத்தைப் பார்த்து பிளம்பர் மிரண்டுபோனார். ஆபீஸ் கழிவறைக் குழாயின் ஒழுகலை நிறுத்திவிட்டு, சிவனே என்று கை துடைத்துக்கொண்டிருந்தவரை வழிமறித்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

“சத்தியமா இல்லை மேடம். ஏதாவது காணாமப் போயிருந்தா நான் எடுக்கலை.”

“ஐயோ, அதில்லைங்க! உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். ஒரு இருபது நிமிஷம் உள்ளே வந்து உக்காருங்க, போதும்.”

சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சோதனைக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்த ஆள் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்ஜினியர்களைத் தவிர வேறு யாரும் சீந்துவதில்லை. ஒரு கடிதத்தைத் திறக்கவே நாலு வரிக் கட்டளை அடிக்க வேண்டும். அதைச் சாதாரண ஜனங்களும் பயன்படுத்துகிற மாதிரி எளிமையாக்க, அவளும் அவளிடம் வேலை பார்க்கும் ஆறு பேரும் இரண்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஒண்ணுமே தெரியாத ஒருத்தர், யாரையும் கேக்காம, அஞ்சு வேலையை இருபது நிமிஷத்துல முடிக்கணும். முடிச்சா கடைக்குப் போகுது. இல்லேன்னா நாளையோட மூடிடலாம். ஆறு பேரும் வேற இடம் பாத்துக்கட்டும்.”

“கடைசியில பிளம்பரா? வெளங்கிடும்!” என்று முனகினார் கறுப்புத்திரை.

அது அவருக்கு ஆபீசில் வைத்த பட்டப்பெயர். பழைய சிஸ்டத்தை எழுதிய மூத்த புரோகிராமர் அவர். எளிமை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். புதியதிலும் பின்னணி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்திருந்தார்.

மேனேஜர் இந்தச் சோதனைக்கென்றே பளபளவென்று ஒரு பெரிய திரை வாங்கி வைத்திருந்தார். பிளம்பர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவள் அதிலேயே முகம் பார்த்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

மௌஸை எப்படிப் பிடிப்பது, எப்படி அமுக்குவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்க அனுமதி. சொல்லிக்கொடுத்தாள்.

“இனிமே யாரும் வாய் திறக்கக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. வேலையை நான் படிப்பேன், அவ்வளவுதான்” என்றார் மேனேஜர். மூன்று பேரும் பிளம்பரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

“முதல் வேலை. உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. திறங்க.”

பிளம்பர் மௌஸை ஸ்பேனர் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்தார். அம்பு இடப்பக்கமாக ஊர்ந்தது. கறுப்புத்திரை சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டார். அம்பு நின்றது. யோசித்தது. மெல்லத் திரும்பி வலப்பக்கம் வந்து உறைப் படத்தின்மேல் ஏறியது. அவள் முகம் மலர்ந்தது.

க்ளிக். கடிதம் திறந்தது!

இரண்டாவது, அதை அச்சடிக்க வேண்டும். அதுவும் ஆயிற்று. மூன்றாவது, ஒரு போட்டோவை அழிப்பது. அழித்தார். என்ன நிதானம், என்ன நிதானம் என்று அவள் வியந்துபோனாள். மனுஷன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாலாவது. அழிச்ச போட்டோவைத் திரும்பக் கொண்டுவாங்க.”

போன மாதம் கறுப்புத்திரையே தடுமாறிய இடம் இது. அம்பு திரை முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள். ஆறு பேரின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்து போயிற்று. அம்பு மூலையில் இருந்த குப்பைக்கூடைப் படத்தை நெருங்க நெருங்க அவள் நுனிக்காலில் எம்பினாள்.

க்ளிக். போட்டோ வந்துவிட்டது!

ஐந்தாவது, கம்ப்யூட்டரை அணைப்பது. அதையும் செய்து முடித்தார். மொத்தம் பதினாலு நிமிஷம்.

மேனேஜர் கைதட்டினார். அவள் அழுதேவிட்டாள்.

“தோத்துட்டேம்மா. மூணு மாசக் குழந்தைகூட இதை ஓட்டும்” என்று கறுப்புத்திரையே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேனேஜர் அனுமதிப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “ரிப்போர்ட்ல எழுதணும். உங்களுக்கு வழி காட்டினது எது, படமா எழுத்தா?” என்று கேட்டார்.

பிளம்பர் நெளிந்தார். “அந்தப் படமெல்லாம் யாருக்குங்க புரிஞ்சுது? கறுப்பா, பளபளன்னு இருந்துச்சா, உங்க மூணு பேர் மூஞ்சியும் அதுல நல்லாத் தெரிஞ்சுது. பெரியவர் தலையில அடிச்சுக்கிட்டா கையைத் திருப்பிட்டேன். மேடம் மூஞ்சி மலர்ந்துச்சுன்னா அமுக்கிட்டேன்.”

பாதிக் கையெழுத்தில் பேனா நின்றுவிட்டது.

பிளம்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“ரொம்ப சுலபமாத்தான் இருக்கு மேடம், நானும் வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். வாங்கினா, பின்னாடி நிக்க நீங்க மூணு பேரும் கூடவே வந்துருவீங்கள்ல?”