வழி சொன்னவன்

பெயர்ப்பலகையே இல்லாத தெருக்கள். மேப்பும் கைவிட்டதும், வேலைக்குப் புதிதான டாக்சி டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“பச்சைக் கதவு போட்ட மருந்துக்கடை தெரியுதா தம்பி? அங்க இடது பக்கம் திரும்புங்க” என்றாள் பின்சீட்டிலிருந்த அம்மாள்.

திரும்பினான். வழி கிடைத்தது.

“அடுத்து சலவைக்கடை. சோப்பு வாசனை அடிச்சதும் வலது பக்கம்.”

அடித்தது. அந்நிய ஊரில் தமிழ் பேசும் சவாரி கிடைத்ததே பெரிய விஷயம்; இவளோ ஊரையே கரைத்துக் குடித்திருந்தாள்.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?”

“காலையிலதான் வந்து இறங்கினேன். என் பையன் வேலை முடிஞ்சு நடந்து போறப்ப தினமும் போன் பண்ணுவான். வழியில பாக்கறதையெல்லாம் சொல்லிக்கிட்டே போவான். கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிடுச்சு.”

“கொடுத்து வச்சவங்கம்மா நீங்க! வாசல்லயே காத்துட்டு நிப்பாரு, பாருங்க.”

பெரிய சிக்னல் ஒன்று வந்தது.

“இங்க கொஞ்சம் நிறுத்துங்க தம்பி.”

“இங்க வீடே இல்லையேம்மா?”

“‘இரும்மா, ரோட்டைத் தாண்டிட்டுக் கூப்பிடறேன்’னு இங்கதான் போனை வச்சான். அப்புறம் ஆஸ்பத்திரியிலேருந்துதான் கூப்பிட்டாங்க.”

டிரைவர் திரும்பிப் பார்த்தான். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிணவறைக்குப் போகணும். யார்கிட்டயாவது கேளுங்க தம்பி. அதுக்கு அவன் எனக்கு வழி சொல்லலை.”