குதிரைக்கும் சேர்த்து ஓர் இடம்

பந்தயத்தில் ஓடிக் களைத்த பெட்டைக் குதிரையை விலைக்கு வாங்கி, செம்மலும் அவன் மனைவி அன்புமொழியும் ஜெகதாப்பட்டினத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறார்கள். வழியில் அதற்குக் கால் வீங்கிவிட்டது. ஆலங்குடி லாட்ஜில், "ஒங்களுக்கு ரூம் தர்றோம், குதிரைக்கு ஏதுங்க எடம்?" என்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பின் கேட்டருகே நிற்கிறார்கள். மட்டைகளுக்கிடையே சரியும் அந்தி வெயில் குதிரையின் வேர்த்த முதுகில் மின்னுகிறது. "ஒரு ராத்திரி மட்டுங்கக்கா" என்று அன்புமொழி தயங்குகிறாள். தோப்புக்காரி ராசாத்தியின் பார்வை குதிரையின் வீங்கிய காலிலேயே நிற்கிறது. "மொதல்ல அத உள்ள கொண்டாங்க" என்று கேட்டை அகலத் திறந்துவிட்டு, மோட்டாரைப் போடுகிறாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் குதிரையின் காதுகள் திரும்புகின்றன. ராசாத்தி ஒரு கை கடலைக்கொடி அள்ளிவந்து போடுகிறாள். அன்புமொழி வீக்கத்தின்மேல் ஈரத்துணி சுற்றுகிறாள். வாங்கிய நாளிலிருந்து பயத்தில் நின்றபடியே தூங்கிய குதிரை அது. இப்போது மண்ணை முகர்ந்து பார்க்கிறது, ஒரு சுற்றுச் சுற்றுகிறது, மெல்ல முன்னங்கால்களை மடக்குகிறது. "ஏங்க, படுத்துருச்சுங்க!" என்கிறாள் அன்புமொழி, மூச்சுக்குள்ளேயே. செம்மல் அத்தனை நேரமும் இறுகப் பிடித்திருந்த கயிற்றைத் தரையில் விடுகிறான்.