ஒப்பந்தத்தில் இல்லாத காரணம்

வீரர்கள் சங்கச் செயலாளருக்குப் பேசிப் பேசியே தொண்டை வறண்டுவிட்டது. இதே விஷயத்துக்காகக் கால்பந்து கிளப் மேனேஜரின் அறைக்கு அவர் வருவது இது நான்காவது முறை. பக்கத்து நாற்காலியில் கோல்கீப்பர் உட்கார்ந்திருந்தார்.

“ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. பாதியில எப்படி சார் சம்பளத்தை நிறுத்துவீங்க?”

“ஆடினாத்தானே சம்பளம்? இந்த சீசன் முழுக்கக் களத்துல இறங்கக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார்.”

“போன வருஷம் முழங்கால் ஜவ்வு கிழிஞ்ச ஆளுக்கு எட்டு மாசம் குடுத்தீங்களே?”

“அது மேட்ச்ல அடிபட்டது. இது வீட்டுல தானா தேடிக்கிட்டது. அதுக்கெல்லாம் கிளப் பொறுப்பாக முடியுமா?”

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த மனுஷனிடம் இனி நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சனிக்கிழமை மேட்ச்சுக்கு உங்க டீம்ல ஒருத்தர்கூட இறங்க மாட்டாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு.”

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே விடுப்புப் படிவத்தை எடுத்தார். முழுச் சம்பளம் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘காயம்’ என்று நிரப்பினார்.

“இப்படிப் போட்டாத்தான் மேலிடத்துல கேள்வி கேக்க மாட்டாங்க” என்று நீட்டினார்.

கோல்கீப்பர் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘பிரசவம்’ என்று எழுதினார்.

“என் வயித்துல இருக்கிற பிள்ளை நாளைக்கு இதைப் படிச்சா, தன்னைக் காயம்னு நினைச்சுக்கக் கூடாது சார்.”