மொட்டைமாடியில் கூடாரம்

காரைக்குடி மொட்டைமாடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மூணாறு பக்கத்துத் தேசியப் பூங்காவில் தங்க வாங்கிய கூடாரத்தைப் பெனிட்டாவும் கணவன் ஆன்றோவும் விரித்துப் பார்க்கிறார்கள். சிமெண்டுத் தரையில் முளை இறங்காததால் நான்கு மூலைக்கும் தண்ணீர்க் குடங்கள். அம்மா இறந்ததிலிருந்து எங்கும் போகாத அவள் அப்பா சேசுராஜ், "இதுக்குள்ள மனுசன் படுப்பானா?" என்றபடி குனிந்து நுழைகிறார். உள்ளே நீல வெளிச்சம். காற்றில் துணி படபடக்கிறது. வெளியே நீட்டிய அவர் பாதங்கள் மெல்ல ஆடுகின்றன. பெனிட்டா போனில் முன்பதிவைத் திறக்கிறாள். "நீங்களும் வாரீகளாப்பா?" ஆட்டம் நிற்கிறது. "ஆனை வருமா?" "எட்டத்துலதான் தெரியுமாம்." "அப்பச் சரி, மூணு பேருன்னு போடு." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றைத் தட்டுகிறாள். ஆன்றோ கூடாரத்தை மடிக்க வருகிறான். "இருக்கட்டும் மாப்ள, இன்னைக்கு நான் இங்கனயே படுத்துக்கிறேன்."