ஒற்றைக்கொம்பு

பாலவனத்தம் மாதா கோயில் ஆபீசில் சன்னல் வழியே சாய்வெயில் கம்ப்யூட்டர் திரைமேல் விழுகிறது. ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டு ஈவா பங்குக் குடும்பங்களின் பட்டியலைத் திருத்துகிறாள். போன மாதம் கணவரை அடக்கம் செய்த தெரசாள் பக்கத்தில் நிற்கிறாள். பழைய பதிவேட்டில் இறந்தவர் பெயருக்கு அருகே சிவப்பு மையில் சிலுவை போடுவார்கள். பெயர் அப்படியே இருக்கும். “இதுல சிலுவை போட எடமில்ல பெரியம்மா, எடுத்துத்தான் விடணும்.” ஈவா ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாள். துடிக்கும் சிறு கோடு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு பின்னால் நகர்கிறது. ஒரு கணம் திரையில் ‘செல்’ என்று மட்டும் இருக்கிறது. பிறகு ‘ல்’ போகிறது. ‘ச’வும் போய், பழைய எழுத்துருவில் அதற்கு முன்னால் தனியாக அடித்திருந்த ஒற்றைக்கொம்பு மட்டும் மிஞ்சுகிறது. தெரசாளின் கை முந்தானையோடு வாய்க்குப் போகிறது. “எங்க தாயி போயிருச்சு?” “எங்கயும் போகல பெரியம்மா. அழிஞ்சிருச்சு.” முப்பது வருடக் குடித்தனத்தில் ஒருமுறைகூட அந்தப் பெயரை வாயால் சொல்லாத தெரசாள், கொம்பின்மேல் விரலை அழுத்திக்கொண்டு, “செல்லத்துரை” என்கிறாள். திரும்ப அடிக்கச் சொன்னதா, ஆளைக் கூப்பிட்டதா என்று தெரியாமல் ஈவாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது.